வெறும் அலகிலிருந்து முழு வாள் வரை: ஜப்பானிய வாளுக்கு கோஷிராயே செய்விப்பது எப்படி

ஜப்பானில் நல்ல பழைய வாள் ஒன்றை விலைக்கு வாங்கினால், அது வந்து சேரும் கோலத்தைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பார்கள். பட்டுநாடா சுற்றிய பிடி இருக்காது, அரக்குப் பூசிய உறை இருக்காது, கைக்காப்புத் தகடும் இருக்காது. பூச்சே படாத வெளிர் மரத்தில் ஒரு பிடி, ஒரு உறை. இரண்டையும் சேர்த்து மூடினால் ஒரே மரத்தடி மாதிரி தெரியும். இதற்கு ஷிராசாயா என்று பெயர். வாளைப் பாதுகாத்து வைப்பதற்கான உறை இது. இடுப்பில் அணிந்து வெளியே போவதற்கான முழு அலங்கார அமைப்புக்குப் பெயர் கோஷிராயே.

ஜப்பானிய வாள் சேகரிப்பில் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிவினையைத்தான். வாளின் வெட்டும் எஃகுப் பகுதியான அலகு எழுநூறு எண்ணூறு ஆண்டுகள்கூட நிற்கும். மரமும் பட்டும் தோலும் அவ்வளவு காலம் தாங்காது. அதனால் ஒரே அலகுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தக் காலத்து வழக்கப்படி புதிய கோஷிராயே செய்துகொண்டே வந்தார்கள். இன்று ஒருவர் தன்னிடமுள்ள அலகுக்குப் புதிதாக ஒன்றைச் செய்விப்பது அந்த மரபின் தொடர்ச்சிதான். ஆனால் கோஷிராயே அந்த ஒரே அலகின் உடம்புக்கு அளந்து செதுக்கப்படுவது. வேறு அலகுக்குப் பொருந்தாது. செய்யும் வேலைக்கும் மாற்றக் கூடாத ஒரு வரிசை உண்டு. புதியவர்கள் பணத்தையும் வாளையும் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டையும் தெரியாமல்தான்.

பாகங்கள்

அலகின் கீழ்ப்பகுதி பிடிக்குள் புதைந்திருக்கும். அதற்கு நகாகோ என்று பெயர். வாளடித்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது இங்கேதான். நகாகோவும் அலகும் சேரும் இடத்தில் ஹபாக்கி என்ற உலோகக் கழுத்துப்பட்டை இருக்கும். பெரும்பாலும் செம்பில் செய்வார்கள்; மேலே தங்கத் தகடோ வெள்ளித் தகடோ போர்த்துவதும் உண்டு. சிறியதாக இருந்தாலும் வேலை முழுவதும் இதைச் சுற்றித்தான் நடக்கிறது. உறையின் வாயில் இறுகி வாளைப் பிடித்து நிறுத்துவது ஹபாக்கி. உறைக்குள் அலகின் பக்கங்கள் மரத்தில் உரசாமல் அந்தரத்தில் நிற்பதும் அதனால்தான்.

ட்சுபா என்பது கைக்காப்புத் தகடு. கட்டானா என்ற நீள வாளுக்கு 7 முதல் 8.5 செ.மீ. குறுக்களவு, விளிம்பில் 4, 5 மி.மீ. தடிமன் வழக்கம். அதன் இரு பக்கமும் செப்பா என்ற மெல்லிய செம்புத் தகடுகள் வரும். பிடியின் பெயர் ட்சுகா. ஹோ என்ற ஜப்பானிய மக்னோலியா மரத்தில் செதுக்கிய கட்டை, அதன்மேல் திருக்கை மீனின் சொரசொரப்பான தோல், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய பட்டு அல்லது தோல் நாடா என்று மூன்று அடுக்கு. பிடியின் வாய்ப்பக்க வளையம் ஃபூச்சி, அடிப்பக்க மூடி காஷிரா. நாடாவுக்கு அடியில் இரு பக்கமும் தெரியும் சிறு உலோகச் சிற்பங்கள் மெனுகி. இவ்வளவையும் அலகோடு சேர்த்துப் பிடிப்பது மெகுகி என்ற ஒரே ஒரு மூங்கில் ஆணிதான். பிடியிலும் நகாகோவிலும் உள்ள துளைகள் வழியே அது போகும்.

உறைக்குப் பெயர் சாயா. அதன் வாய்க்கு எருமைக் கொம்பில் பட்டை கட்டுவார்கள். இடுப்புக்கச்சையில் கட்டும் சாகெஓ கயிறு நுழைகிற கொம்புக் குமிழ் குரிகாட்டா. சில உறைகளின் பக்கத்தில் கொசுகா என்ற கைப்பிடி கொண்ட சிறு கத்தி செருகும் குழியும் இருக்கும்.

முதலில் அலகு

அலகின் நீளத்தை முதுகுப் பக்கத்துப் படியிலிருந்து முனை வரை நேர்கோட்டில் அளப்பார்கள். 60.6 செ.மீ.க்கு மேல் இருந்தால் கட்டானா அல்லது தாச்சி, 30.3 முதல் 60.6 வரை வக்கிசாஷி, 30.3க்குக் கீழே டான்டோ. 30.3 செ.மீ. என்பது ஒரு ஷாக்கு. கால அடிப்படையில் 1596க்கு முந்தியவை கோட்டோ. அதிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஷின்டோ. அதன்பின் வாள் அணியத் தடை வந்த 1876 வரை ஷின்ஷின்டோ. பிறகு வந்தவை தற்கால வாள்கள்.

கோஷிராயே செய்விக்கும் அளவுக்கு ஓர் அலகு தகுதியானதா என்று பார்ப்பதில் நேரம் செலவிடுங்கள். கூர்ப்பகுதியில் குறுக்காக ஓடும் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த அலகு முடிந்த கதை. ஹகிரே என்று பெயர். சரிசெய்ய வழியே இல்லை. ஹமோன் என்கிற, பதப்படுத்திய கூர்ப்பகுதியின் எல்லைக்கோடு, கூர்விளிம்பைத் தொட்டு எங்காவது மறைந்துபோயிருந்தால் பலமுறை தேய்த்து எஃகு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். முனை உடைந்து திருத்தப்பட்டிருந்தால் ஹமோன் முனைக்குள் வளைந்து திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாமல் வெட்டுப்பட்டதுபோல் விளிம்பில் முடிந்தால் விலகிவிடுங்கள். நகாகோவில் இரண்டு மூன்று துளைகள் இருப்பது குறை அல்ல. நீளமான பழைய வாள்களைப் பிற்காலத்தில் அடிப்பக்கமாக வெட்டிக் குறுக்கியபோது புதிய துளை போட்டார்கள். அப்படி வெட்டும்போது பொறித்த பெயரே போய்விட்ட பெரிய வாள்கள் ஏராளம். அவை மதிப்பில் குறைந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். மாறாக, புகழ்பெற்ற பெயர் பொறித்த வாளைக் கண்டால் சந்தேகம் முதலில் வரட்டும். கொட்டெட்சு போன்ற புகழ்பெற்ற வாளடிப்பவர்களின் பெயரில் போலிப் பொறிப்புகள் எடோ காலத்திலேயே (1603–1868) மலிந்திருந்தன.

நகாகோவின் துருவைத் தொடவே கூடாது. அந்தக் கருந்துருவின் நிறமும் செறிவும்தான் வாளின் வயதுக்குச் சாட்சி. எமரித்தாள் போட்டோ ரசாயனம் ஊற்றியோ அதைப் பளபளப்பாக்கினால் ஒரே மாலையில் வாளின் மதிப்பு போய்விடும், திரும்ப வராது.

தரச்சான்று தருவதில் முதன்மையானது 1948இல் தொடங்கப்பட்ட நிப்பொன் பிஜுட்சு டோகென் ஹோசோன் கியோகாய். டோக்கியோவின் சுமிதா பகுதியில் வாள் அருங்காட்சியகத்தை நடத்துவதும் இந்த அமைப்புதான். இதன் சான்றுகள் ஹோசோன், டோகுபெட்சு ஹோசோன், ஜூயோ, டோகுபெட்சு ஜூயோ என்று ஏறுவரிசையில் போகும். முதல் வாளுக்கு ஹோசோன் சான்று போதும். ட்சுபா, மெனுகி போன்ற உலோக அணிகளுக்கும் தனியே சான்று உண்டு.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஆலை எஃகில் செய்து, எண்ணெயில் பதப்படுத்தி, முத்திரை குத்திக் கொடுத்த ராணுவ அலகுகள் நிறையக் கிடைக்கின்றன. இவற்றுக்குப் புதிய கோஷிராயே செய்விக்காதீர்கள். வாளின் விலையைவிடப் பல மடங்கு செலவாகும். அவற்றின் ராணுவ உறைதான் அவற்றின் சரித்திரம். அதோடு அப்படியே விடுவதே மரியாதை. பழைய குடும்ப வாளை ராணுவ உறையில் மாட்டிக் கொண்டுபோனவர்களும் உண்டு. எனவே நகாகோவைப் பார்க்காமல் எதையும் தீர்மானிக்கவும் வேண்டாம்.

வேலையின் வரிசை

ஒரு கோஷிராயேயில் ஐந்தாறு கைகள் படும். சாணை பிடிப்பவர் டோகிஷி, ஹபாக்கியும் செப்பாவும் செய்பவர் ஷிரோகானேஷி, மரவேலை செய்பவர் சாயாஷி, அரக்குப் பூசுபவர் நூரிஷி, நாடா சுற்றுபவர் ட்சுகாமகிஷி. ஒவ்வொருவரும் முந்தையவரின் வேலை மீதுதான் தன் வேலையை வைக்கிறார். அதனால் நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த எல்லாமே பொருந்தாமல் போகும்.

அலகுக்குச் சாணை தேவைப்பட்டால் அது முதலில். சாணை என்றால் கூர் ஏற்றுவது மட்டுமல்ல. கற்களை ஒவ்வொன்றாக மாற்றி, அலகின் கோடுகளை நேராக்கி, எஃகின் தோற்றத்தையும் ஹமோனையும் வெளிக்கொணரும் பல வாரத்து வேலை. இதில் அலகின் தடிமன் மிகச் சிறிதளவு குறையும். உறை செய்தபின் சாணை பிடித்தால் ஹபாக்கி தளர்ந்துவிடும், உறையும் ஆடும். அனுபவமுள்ளவர்கள் அடிப்படைச் சாணையை முடித்து, ஹபாக்கியும் ஷிராசாயாவும் செய்துவிட்டு, கடைசி மெருகை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். மற்ற வேலைகளின்போது விழும் சிறு கீறல்கள் அந்தக் கடைசி மெருகில் போய்விடும்.

அடுத்து ஹபாக்கி. செம்புக் கட்டியை அடித்து வளைத்து, கூர்ப்பக்கத்தில் சிறு ஆப்புத் துண்டு ஒன்றைப் பற்றவைத்து, அந்த அலகின் மேலேயே தட்டித் தட்டிப் பொருத்துவார்கள். வேறு வாளின் ஹபாக்கியை அராவிப் பொருத்துவது புதியவர்கள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் சிக்கனம். இப்படிப் பொருத்தியது அலகின் முதுகுப் படியில் முழுதாக உட்காராது. ஒவ்வொரு முறை வாளை உருவும்போதும் அசையும். அலகின் மேல் கீறலும் போடும். ஷிராசாயாவும் கோஷிராயேயும் ஒரே ஹபாக்கிக்குத்தான் செதுக்கப்படுகின்றன. ஹபாக்கியை மாற்றினால் இரண்டு உறைகளும் வீண்.

இதற்குப் பிறகுதான் மரம். மரவேலை தொடங்கும் முன்பே ட்சுபா, ஃபூச்சி, காஷிரா, மெனுகி நான்கும் சாயாஷியின் கையில் இருக்க வேண்டும். “இப்போது பிடியைச் செய்யுங்கள், ட்சுபாவைப் பிறகு தேடிக்கொள்கிறேன்” என்பது நடக்காது. ட்சுபாவின் தடிமனும் இரண்டு செப்பாக்களின் தடிமனும் சேர்ந்துதான் நகாகோவின் துளை பிடியின் எந்த இடத்தில் வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பிறகு 1 மி.மீ. தடிமன் கூடிய ட்சுபாவை மாட்டினால் துளைகள் நேர்கோட்டில் நிற்காது, மெகுகி போகாது. தடிமன் குறைந்ததை மாட்டினால் எல்லாம் கடகடக்கும். குறைந்த இடத்தைத் தடித்த செப்பாவால் நிரப்பலாம். கூடியதற்குப் பரிகாரம் கிடையாது.

பிடிக்குள் நடப்பது

கோஷிராயேயில் அழகு வேலை எது, உயிர் காக்கும் வேலை எது என்று கேட்டால், இரண்டாவது பிடியின் உட்குழிவுதான். வெளியிலிருந்து அது தெரியவே தெரியாது. அதனால்தான் மலிவான வேலையில் முதலில் இதில்தான் கைவைக்கிறார்கள்.

ஹோ மரம் மென்மையானது, பிசின் குறைந்தது. பல ஆண்டு காயவைத்த கட்டையை இரண்டாகப் பிளந்து, நகாகோவின் வடிவத்தை இரு பாதிகளிலும் உளியால் குடைவார்கள். நகாகோவில் மெலிதாக எண்ணெய் தடவி மரத்தில் வைத்து எடுத்தால், படும் இடத்தில் கறை விழும். அந்த இடத்தை மட்டும் ஒரு சீவல் எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்து, இப்படியே நகாகோ நெடுகிலும் மரம் சமமாகப் பிடிக்கும் வரை போவார்கள். நுனியில் மட்டும் சிறு இடைவெளி விடுவது வழக்கம். குடைவு தளர்வாக இருந்தால், வாளை வீசும் விசை முழுவதும் அந்த மூங்கில் ஆணி ஒன்றின் மேல் விழும். ஆணி முறியும், அலகு பிடியைவிட்டுப் பறக்கும். ஆயத்தமாக விற்கும் பொதுப் பிடிகளை வாங்கி, உள்ளே காகிதமும் பசையும் திணித்துப் பழைய அலகில் மாட்டுவது இதனால்தான் ஆபத்து. ஆணிக்குப் பதில் உலோகக் கம்பியோ சாப்பாட்டுக் குச்சியோ போடுவதும் அப்படியே. உலோகம் நகாகோவின் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கும், குச்சி ஒடியும். நார் அடர்ந்த, நன்றாக முதிர்ந்து காய்ந்த மூங்கில்தான் வளைந்து கொடுத்து நிற்கும்.

இரு பாதிகளையும் ஒட்டச் சோற்றுப்பசையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். உறைக்கும் இதே விதி. பிற்காலத்தில் உள்ளே துருவோ அழுக்கோ சேர்ந்தால், சோற்றுப்பசை போட்ட ஷிராசாயாவைச் சேதமில்லாமல் பிளந்து சுத்தம் செய்து திரும்ப ஒட்டலாம். எப்பாக்சி போட்டால் உடைக்கத்தான் வேண்டும்.

பிறகு திருக்கைத் தோல். தண்ணீரில் ஊறவைத்து இளக்கி, கட்டையின் மேல் இழுத்து ஒட்டுவார்கள். முழுத் தோலாகச் சுற்றுவது உயர்ந்த வேலை. இரண்டு பக்கமும் நீளத் துண்டுகளாகப் பதிப்பதும் மரபான முறைதான், விலை குறையும். தோலின் நடுவில் இயற்கையாகவே வரும் பெரிய மணி ஒன்று இரண்டு, பிடியின் வெளிப்பக்கத்தில், ஃபூச்சிக்குப் பக்கத்திலோ காஷிராவுக்குப் பக்கத்திலோ தெரியும்படி வைப்பார்கள். எடோ காலத்தில் இந்தத் தோல் சீனர், டச்சுக்காரர் கப்பல்களில் சியாமிலிருந்தும் மற்ற தென்கிழக்காசிய நாடுகளிலிருந்தும் பெருமளவில் வந்து இறங்கியது.

மரம், தோல், நாடா ஆகிய மூன்றின் தடிமனும் சேர்ந்து ஃபூச்சியின் விளிம்போடு சமமாக முடிய வேண்டும். அதற்காகக் கட்டையை முன்கூட்டியே நாடாவின் தடிமன் அளவுக்கு ஒடுக்கிச் செதுக்கியிருப்பார்கள். விரலை ஃபூச்சியிலிருந்து நாடாவுக்கு நகர்த்தினால் படி தட்டக் கூடாது. தட்டினால் கட்டையைச் செதுக்கியவரும் நாடா சுற்றியவரும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

நாடா கட்டானாவுக்கு ஏறக்குறைய 8 முதல் 10 மி.மீ. அகலம். ஃபூச்சிப் பக்கத்தில் தொடங்கி, முன்னும் பின்னும் குறுக்கிட்டு, காஷிராவில் முடிச்சோடு முடியும். ஒவ்வொரு மடிப்புக்கு அடியிலும் முக்கோணமாகச் சுருட்டிய சிறு காகித ஆப்பு வைப்பார்கள். நாடா மேடாக நிற்பதும் பல ஆண்டு தளராமல் இருப்பதும் இந்தக் காகிதத்தால்தான். காகிதம் வைக்காமல் சுற்றியதைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தாலே தெரியும், சாய்சதுரம் நகரும். நன்றாகச் சுற்றியதில் சாய்சதுரங்கள் ஒரே அளவாக, பிடியின் நடுக்கோட்டில் நேராக இறங்கும். குறுக்கிடும் இடங்களில் ஒருமுறை இடது நாடா மேலே வந்தால் அடுத்த முறை வலது நாடா மேலே வரும். இந்த மாற்று வரிசை தவறியிருந்தால் கற்றுக்குட்டியின் வேலை.

உறையும் அரக்கும்

உறையும் ஹோ மரம்தான். அதே பிளந்து குடைகிற வேலைதான். அலகு உரசுவது முதுகுப் பக்கத்தில் மட்டும். இறுகுவது ஹபாக்கியில் மட்டும். வேறு உறைக்குள் அலகைச் செருகிப் பார்ப்பது எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம். வளைவு சிறிது மாறினாலே அலகின் பக்கவாட்டில் நீளக் கீறல் விழும். அந்தக் கீறலை எடுக்கத் திரும்பவும் சாணைதான்.

உருஷி என்பது அரக்கு மரத்தின் பாலிலிருந்து வரும் பூச்சு. களிமண் தூள் கலந்த அடிப்பூச்சு, நடுப்பூச்சு, மேல்பூச்சு என்று பல அடுக்குப் போட்டு, அடுக்குக்கு அடுக்கு கரியால் தேய்ப்பார்கள். உருஷி காய்வதற்கு ஈரம் வேண்டும். 20 முதல் 25 டிகிரி வெப்பமும் 70, 80 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் வைத்து இறுகவிடுவார்கள். அவசரப்படுத்த முடியாது, அரக்கு மட்டுமே மாதக்கணக்கில் இழுக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து செய்யும் கேஷ்யூ என்ற மாற்றுப்பூச்சு வேகமாகக் காயும், விலையும் குறைவு. பயிற்சி வாளுக்கு அது போதும். ஆனால் உருஷி விலை கொடுத்துவிட்டுக் கேஷ்யூ வாங்கிவரக் கூடாது. எது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் செய்த உறை வறண்ட நாட்டுக்குப் போனால் மரம் சுருங்கும். வாய் இறுகலாம், ஒட்டு விடலாம். இறுகிய வாளைப் பலவந்தமாக இழுக்காதீர்கள். சில நாள் ஈரப்பதமான அறையில் வைத்தால் தளரும். வாய் தளர்ந்து வாள் தானாக நழுவினால், மெல்லிய மரச்சீவல் ஒன்றை வாயின் உட்புறம் ஒட்டினால் போதும்.

எந்தப் பாணி

கண்டதையெல்லாம் சேர்த்த கோஷிராயேதான் உலகத்தில் அதிகம். டிராகன் ட்சுபா, பூ மெனுகி, அலை ஃபூச்சி, சிவப்பு நாடா என்று தனித்தனியே அழகான பொருள்கள் ஒரே பிடியில் வந்து சண்டை போடும். தெரிந்த மரபுப் பாணி ஒன்றைப் பிடித்துக்கொள்வதே புதியவருக்கு நல்லது.

எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த ஷோகுனின் கோட்டைக்குப் பணிக்குப் போகும் சாமுராய்களின் முறையான அமைப்பு: கறுப்பு அரக்கு உறை, வெள்ளைத் திருக்கைத் தோல், கறுப்பு நாடா, தன் மேலே நாடா குறுக்கே போகும்படி வைத்த கறுப்புக் கொம்பு காஷிரா, உலோகத்தில் கோட்டோ என்ற வாளணிக் கலைஞர் குடும்பத்தின் அடக்கமான வேலை (மேலே சொன்ன கோட்டோ காலத்து வாள்களுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை). கட்டானா உறையின் அடி தட்டையாகவும் வக்கிசாஷி உறையின் அடி உருண்டையாகவும் இருக்கும். இதைவிட முரட்டு அழகு வேண்டுமென்றால் 16ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த டென்ஷோ பாணி: நடு ஒடுங்கிய பிடி, தோல் நாடா, கறுப்பு அரக்குப் பூசிய திருக்கைத் தோல், இரும்பு ட்சுபா. ஹோசோகாவா ததாஒக்கி (1563–1646) தேநீர்க் கலையின் ரசனையோடு வளர்த்த ஹிகோ பாணி இன்னொன்று. பிடி குட்டை, அலங்காரம் குறைவு, ஒவ்வொரு வளைவும் யோசித்துச் செய்தது. எங்கள் பார்வையில் ஒற்றைக்கை வீச்சுக்கு ஏற்ற இலகுவான அலகுக்கு ஹிகோவைப்போல் பொருந்துவது வேறில்லை.

உலோக அணிகளை வாங்கும்போது அளவு முக்கியம். கட்டானாவின் ஃபூச்சி நீளவாக்கில் ஏறக்குறைய 38 மி.மீ. இருக்கும்; வக்கிசாஷியுடையது சில மி.மீ. சிறியது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் சிறியதை வாங்கிவிட்டுப் பிடி முழுவதையும் ஒல்லியாக்க நேரும். ட்சுபாவின் நடுத்துளை நகாகோவைவிடப் பெரிதாக இருந்தால் கவலையில்லை. மேலும் கீழும் சிறு செம்புத் துண்டுகள் பதித்துச் சரிசெய்வது பழைய வழக்கம். சிறிதாக இருந்தால் பழைய ட்சுபாவை அராவாதீர்கள். வேறு ட்சுபா தேடுங்கள். இரும்பு ட்சுபாவின் கறுமை, ஷாகுடோ என்ற பொன் கலந்த செம்பின் நீலக்கறுப்பு, ஷிபுஇச்சி என்ற வெள்ளி கலந்த செம்பின் சாம்பல் நிறம் எல்லாம் வேண்டுமென்றே உண்டாக்கிய மேற்பரப்பு. பித்தளை துலக்கும் களிம்பு ஒருமுறை பட்டால் போய்விடும். 1876 தடைக்கு முன் வாளணிகளில் உச்சம் தொட்ட கானோ நட்சுவோ (1828–1898), மெய்ஜி அரசின் நாணயங்களையும் வடித்தவர். அந்தத் தரத்துக் கைகள் தொட்ட மேற்பரப்பு அது.

பழைய கோஷிராயே முழுதாக வாளோடு வந்தால் அதைக் கலைக்காதீர்கள். நாடா நைந்திருந்தால் நாடாவை மட்டும் புதுப்பியுங்கள். நல்ல பழைய தொகுப்புகளை உடைத்து ட்சுபா தனி, மெனுகி தனி என்று விற்பது லாபத்துக்காக நடக்கிறது. ஒருமுறை பிரிந்த தொகுப்பு பெரும்பாலும் திரும்பச் சேர்வதில்லை.

சட்டமும் போக்குவரத்தும்

ஜப்பானுக்குள் ஒவ்வொரு வாளுக்கும் மாகாணக் கல்வி வாரியம் வழங்கும் டோரோகுஷோ என்ற பதிவுச்சீட்டு இருக்க வேண்டும். கைமாறினால் 20 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பக் கலாசார அலுவல் முகமையின் அனுமதி வாங்கி, பதிவுச்சீட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். வெளியே இருக்கும் அலகை வேலைக்காக ஜப்பானுக்கு அனுப்பினால் இதெல்லாம் தலைகீழாக நடக்கும்: சுங்கம், காவல்துறை, புதிய பதிவு, வேலை முடிந்தபின் மறுபடி ஏற்றுமதி அனுமதி. மரபு முறையில் செய்யாத ஆலை அலகுகளுக்குப் பதிவே கிடைக்காது. அனுப்பினால் இழக்க நேரிடும். அதனால் வாளை ஜப்பானில் வாங்குகிறவர்கள், அது அங்கே இருக்கும்போதே கோஷிராயேயையும் செய்வித்து ஒன்றாக வரவழைப்பது புத்திசாலித்தனம்.

வாங்குபவர் நாட்டுச் சட்டத்தைப் பணம் கட்டும் முன் பாருங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஆயுதங்களை இறக்குமதி செய்ய உரிமம் கேட்கிறது. பிரிட்டனில் 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வளைந்த அலகுகளுக்கு 2008இல் கட்டுப்பாடு வந்தது. 1954க்கு முன் செய்தவைக்கும் மரபு முறையில் கையால் செய்தவைக்கும் விலக்கு உண்டு. அதற்கு ஆவணம் கையில் இருக்க வேண்டும்.

வேலை கொடுக்கும்போது, வந்து சேர்ந்தபின்

கைவினைஞருக்கோ முகவருக்கோ முதலில் எழுதும்போது அலகின் நீளம், வளைவு, நகாகோவின் இருபுறப் படம், எந்தப் பாணி, காட்சிக்கா பயிற்சிக்கா என்பதைச் சொல்லுங்கள். பழைய கலைப்பொருளான வாளைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். பயிற்சிக்கு உரிமம் பெற்ற இன்றைய வாளடிப்பவரிடம் புதிய வாள் வாங்கலாம். ஒருவர் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்ய அனுமதியில்லை என்பதால் காத்திருக்க வேண்டிவரும். நாடாவின் நிறம், அகலம், முழுத் தோலா துண்டுத் தோலா, உருஷியா கேஷ்யூவா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே உறுதிசெய்யுங்கள். நகாகோவை வெட்டவோ புதிய துளை போடவோ கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள். முழு வேலைக்கு ஓராண்டு ஆவது சாதாரணம்.

கூடவே ஒரு ட்சுனாகியும் செய்யச் சொல்லுங்கள். அலகின் வடிவில் மரத்தில் செதுக்கிய போலி அலகு அது. அலகு ஷிராசாயாவில் இருக்கும். கோஷிராயேயின் பாகங்களை ட்சுனாகி சேர்த்துப் பிடித்து நிற்கும். அரக்குப் பூசிய உறையை உள்ளே சுத்தம் செய்யப் பிளக்க முடியாது, பிளந்தால் அரக்கு போய்விடும். அதனால் அலகை நிரந்தரமாக அதில் வைக்கக் கூடாது.

வாள் வந்ததும் கூர்ப்பக்கம் மேலே பார்க்க, உறையோடு இரு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். சத்தம் வரக் கூடாது. கட்டைவிரலால் ட்சுபாவைத் தள்ளினால் ஹபாக்கி சிறு எதிர்ப்போடு விடுபட்டு, அதன்பின் அலகு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, செய்தவருக்கு எழுதுங்கள். மெகுகியைத் தட்டி எடுத்து, அலகு மேல்நோக்கி இருக்கப் பிடியை இடது கையில் பற்றி, வலது முட்டியால் இடது மணிக்கட்டில் தட்டினால் அலகு பிடியிலிருந்து தளர்ந்து எழும். ஒரு தட்டிலேயே கழன்றால் குடைவு தளர்வு. பத்துத் தட்டிலும் அசையாவிட்டால் மிக இறுக்கம். பழைய எண்ணெயை மென்மையான காகிதத்தால் முதுகுப் பக்கத்திலிருந்து துடைத்து எடுத்து, கிராம்பு எண்ணெய் கலந்த வாள் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலமாகத் தடவுங்கள். வழிந்து உறைக்குள் போகும் எண்ணெய் தூசியைப் பிடித்து அலகையே கீறும். வெறுங்கை விரல் எஃகில் படக் கூடாது; பட்ட இடத்தில் சில நாளில் விரல்ரேகையே துருவாக எழும். கடற்கரை ஊர்களில் மாதம் ஒருமுறையும், மற்ற இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இதைச் செய்தால் போதும்.